சிறு வீட்டுக்கு எந்த விறகடுப்பு?

பனி பெய்யும் நாடுகளில் வீடு கட்டுகிறவர் முதலில் ஆராய்வது, அவ்வீட்டை எந்த அடுப்பால் சூடேற்றுவது என்பதையே. நமது காவிரிப் படுகையில் அந்தக் கவலை இல்லை. மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் சில நாழிகை குளிர் உறைக்கும்; ஒரு கம்பளிப் போர்வையும் ஒரு லோட்டா வெந்நீரும் அதற்குப் போதும். நமக்குள்ள தொல்லை நேர்மாறானது. பானைக்கு வேண்டிய சூடு பானையோடு நிற்க வேண்டும். வீடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். புகை உள்ளே தங்காமல் வெளியேற வேண்டும். முன்கட்டில் தறியும், நடுவே கூடமும், பின்னால் நெல் மூட்டைகளும் அடுக்களையுமாக உள்ள ஒரு சிறு வீட்டில் இம்மூன்றையும் ஒருங்கே செய்து தரும் விறகடுப்பு எது என்பதையே இங்கு ஆராயப் புகுந்தோம்.

"எரிவாயு வந்துவிட்ட காலத்தில் விறகடுப்பைப் பற்றிப் பேசுவானேன்?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. தமிழகத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கப்பட்டன; 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. ஆயினும் கொல்லைப்புறத்தைப் போய்ப் பார்த்தால் விறகடுப்பு அணையவில்லை. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, வீட்டளவில் நெல் புழுக்குதல், விசேஷ நாட்களில் அண்டா ஏற்றுதல், சாயம் காய்ச்சுதல் ஆகிய வேலைகள் இன்றும் விறகையே நம்பியுள்ளன. உருளை தீர்ந்து, அடுத்ததற்குப் பணம் சேரும் வரையில் பல வீடுகளில் சோறும் குழம்பும் அதில்தான் ஆகின்றன. எரிவாயு உள்ளவர்கள் அன்றாடச் சமையலை அதிலேயே செய்துகொள்வது நலம் என்பதில் நமக்கு ஐயமில்லை; தூய்மையில் அதற்கு ஈடான விறகடுப்பு எதுவும் இல்லை. விறகை விட முடியாத வேலைகளைப் பற்றியதே நமது பேச்சு.

முதலில் புகை என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். விறகு தீப்பற்றும்போது அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு கட்டையிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் கிளம்புகின்றன. நாம் காணும் தீக்கொழுந்து, அந்த வாயுக்கள் காற்றோடு கலந்து எரிவதேயாகும். அவை முழுவதும் எரிய ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பமும் போதிய காற்றும் தேவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமல் கரித்தூளும் கீலுமாக வெளியேறுகின்றன. ஆகவே, கண்ணைக் கரிக்கும் புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பகுதி எரியாமலே கூரை வழியே போவதுதான்.

மூன்று கல்லைக் கூட்டி எரிக்கும் அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே பானைக்குச் சேர்கிறது. கைதேர்ந்தவர்கள் குச்சி குச்சியாகத் தள்ளி எரித்தால் இந்தக் கணக்கு சற்று உயரும். காற்றடிக்கும் வெளியில் தாழும். நன்கு அமைந்த அடுப்பில் இது இருபது, இருபத்தைந்து, சிலவற்றில் முப்பது பங்கும் ஆகலாம்.

உடல்நலத்தைப் பற்றிய கணக்கு இதனினும் கடியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகெங்கும் 32 லட்சம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நமது நாகப்பட்டினம் மாவட்டமும் இத்துறையில் நடந்த ஒரு பெரிய சோதனையில் இடம்பெற்றது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் கருவுற்ற பெண்கள் சுமார் 3,200 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பாதிக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தந்து, விறகில் சமைத்த மறு பாதியினரோடு ஒப்பிட்டனர். 2022-ல் வெளியான முடிவின்படி, புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடுப்பை மாற்றினால் எல்லாப் பிணியும் தீரும் என்று மேடையில் முழங்குவோர் இதை நினைவிற் கொள்வது நல்லது. கண்ணெரிச்சலும் இருமலும் குறைகின்றனவா என்று அறிய இவ்வளவு பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அடுப்பண்டை நிற்பவரைக் கேட்டாலே போதும்.

புகையில்லா அடுப்பு நமக்குப் புதிதன்று. அதன் வரலாற்றில் தஞ்சைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள், காந்தியடிகளின் முயற்சியால் 1934-ல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலுள்ள மகன்வாடியில் இருந்து நடத்தி வந்தார். செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று கிராமத் தொழில்களை ஆராய்ந்த அவ்விடத்தில் உருவானதே 'மகன் அடுப்பு'. (மண்ணெண்ணெய்க்குப் பதிலாக விதை எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும் அங்கே பிறந்ததுதான்.) ஒரு வாயில் விறகிட்டு, அடுத்தடுத்த குழிகளில் பாத்திரங்களை வைத்து, கடைசியில் புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேல் விடும் மண் அடுப்பு அது. நம் வீடுகளில் வழங்கும் கொடியடுப்பை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. முன்குழியில் சோறு வேகும்போதே, பின்குழியில் வழியும் அனலில் குழம்பைக் கொதிக்க வைக்கும் வித்தை நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததே. கொடியடுப்பில் இல்லாதது குழாய் ஒன்றுதான்.

1953-ல் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பவர், கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறை என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை வெளியிட்டு, குழாயுடன் கூடிய மண் அடுப்பைக் கட்டும் முறையை விளக்கினார். 1952-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வழியே கிராம சேவிகைகள் இத்தகைய அடுப்புகளை ஊர்தோறும் கட்டிக் காட்டினர். பின்னர் 1980-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூன்று பாத்திரம் வைக்கும் அஸ்திரா அடுப்பு உருவாயிற்று. 1983-ல் மத்திய அரசு தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2002-ல் அது நிறுத்தப்படும் வரையில் நாடெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை வழங்கிற்று.

இவ்வளவு அடுப்புகளும் எங்கே போயின? அன்று கட்டியவற்றுள் இன்று எரிவன மிகச் சிலவே. காரணங்களை எண்ணிப் பார்த்தால் அவை பெரிய விஞ்ஞானக் குறைகள் அல்ல. குழாயில் கரி அடைத்துக்கொண்டது. எடுக்க ஆள் இல்லை. விறகைப் பிளக்க நேரமின்றி அடுப்பு வாயை இடித்துப் பெரிதாக்கினர். புகை முன்பக்கமாகத் திரும்பிற்று. வீட்டிலுள்ள பாத்திரத்துக்குக் குழியின் அளவு பொருந்தவில்லை. பின்குழி சூடேறாமல் வெறுமனே கிடந்தது. காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு துருப்பிடித்து அசையவில்லை. இத்தனை அடுப்பு கட்டினோம் என்று கணக்குக் காட்டுவதில் இருந்த அக்கறை, கட்டிய அடுப்பை மறுமுறை வந்து பார்ப்பதில் இல்லை.

இதையே ஒடிசாவில் நடந்த ஒரு நீண்ட ஆராய்ச்சியும் காட்டுகிறது. 2019-ல் நோபெல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ என்ற அம்மையாரும் வேறு இரு பொருளியல் அறிஞர்களும், குழாய் வைத்த மண் அடுப்புகளைப் பெற்ற வீடுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2012-ல் முடிவை வெளியிட்டனர். முதலாண்டில் புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் தேய்ந்து மறைந்தது. அடுப்புகள் ஒழுங்காகப் பயன்படவும் இல்லை, பழுது பார்க்கப்படவும் இல்லை. விறகுச் செலவும் குறையவில்லை. சோதனைச் சாலையில் நன்றாக எரிந்த அடுப்புதான் அது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆகையால் நமது முடிபு இதுவே: எந்த அடுப்பு நூற்றுக்கு எத்தனை பங்கு வெப்பம் தருகிறது என்பது இரண்டாவது கேள்வி. அதன் குழாயைத் துடைக்கவும், வெடித்த மண்ணைப் பூசவும், வீட்டிலோ தெருவிலோ ஆள் உண்டா என்பது முதற் கேள்வி. துடைக்க முடியாத உயர்ந்த அடுப்பைவிடத் துடைக்க முடிந்த எளிய அடுப்பு மேல்.

இனிக் குழாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சூடான புகை வெளிக்காற்றைவிட இலேசானது. அது மேலே எழும்போது அடுப்பு வாயிலிருந்து புதுக்காற்றை இழுக்கிறது. குழாய் உயரமாகவும் நேராகவும் இருந்தால் இழுவை நன்றாக இருக்கும். ஒரு குடும்பத்துக்கான அடுப்புக்கு மூன்று முதல் நான்கு அங்குல விட்டமுள்ள குழாய் போதும். இதைவிடக் குறுகினால் ஓரிரு வாரத்தில் கரி அடைக்கும். குழாயின் வாய் கூரையின் மோட்டுக்கு மேல் இரண்டடியாவது நிற்க வேண்டும். இல்லையேல் கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழே தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை நேரே உள்ளே இறங்காதபடி மேலே ஒரு தொப்பி வேண்டும். வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். தவிர்க்க முடியாத வளைவில் கரி எடுக்க ஒரு சிறு கதவு விட வேண்டும். அந்தச் சிறு கதவை விடாமல் கட்டிய அடுப்புகளே முதலில் கைவிடப்படும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

குழாய் எதனால் ஆனது என்பதும் முக்கியம். அந்நாளில் அரசுத் திட்டங்களில் கல்நார் கலந்த சிமெண்டுக் குழாயே பெரிதும் வழங்கப்பட்டது. கல்நார்த் தூள் மூச்சில் கலந்தால் நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று ஐயமறத் தெரிந்த செய்தி. அத்தகைய பழைய குழாயை அறுப்பதோ உடைப்பதோ கூடாது. தகரக் குழாய் மலிவு. ஆனால் நம் கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் விரைவில் துருவேறும். குயவர் சூளையில் சுட்ட மண் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, இணைப்பில் களிமண் பூசுவதே நமக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். உள்ளூர்த் தொழிலாளிக்கும் வேலை.

அடுப்பின் உடலுக்கு நம் ஆற்றுப் படுகைக் களிமண் சாலச் சிறந்தது என்று நினைப்பது தவறு. தனிக் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணலும் உமியும் கலந்து, சில நாள் ஊறவைத்து மிதித்த மண்ணே நிற்கும். உமிக்கு இன்னொரு பயனும் உண்டு. அடுப்பு எரிய எரிய, சுவரின் உட்பக்கத்து உமி எரிந்துபோய்ச் சிறு துளைகளை விட்டுச் செல்கிறது. அத்துளைகளில் தங்கும் காற்று, சூடு சுவருக்குள் இறங்காமல் தடுக்கிறது. தடித்த கனமான அடுப்பே சிறந்தது என்பது பரவலான எண்ணம். நாள் முழுதும் எரியும் சத்திரத்து அடுப்புக்கு அது பொருந்தும். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி எரியும் வீட்டு அடுப்பில், கனத்த சுவரைச் சூடாக்கவே பாதி விறகு செலவாகிவிடும். அமெரிக்காவில் 1980-களில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வகுத்த 'ராக்கெட்' அடுப்பின் இரகசியமும் இதுதான். வெப்பம் வெளியே கசியாத இலேசான சுவர், குறுகிய வாய், அதன்மேல் செங்குத்தான ஓர் எரிகூடு. வாயுக்கள் பானையைத் தொடுமுன் அக்கூட்டிலேயே எரிந்துவிடுகின்றன.

பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் உள்ள உறவைப் பெண்கள் நன்கு அறிவர். அடுப்பு கட்ட வருகிறவர்கள்தாம் கேட்பதில்லை. சாதாரண அடுப்பில் மூன்று குமிழ் வைத்து அதன்மேல் பானையை நிறுத்துகிறோம். குமிழ்களுக்கு இடையே தீயும் புகையும் வெளியேறுகின்றன. குழாய் அடுப்பில் குமிழ் கூடாது. பானை குழியில் இறுக உட்கார்ந்தால்தான் புகை குழாய்க்குப் போகும். ஆகையால் வீட்டில் அன்றாடம் புழங்கும் குண்டானையும் தவலையையும் கையில் வைத்துக்கொண்டே குழியை அளந்து வெட்டச் செய்ய வேண்டும். சிறு பாத்திரம் ஏற்றும் வேளைக்கென நடுவே துளையுள்ள ஓர் இரும்பு வளையத்தை வைத்துக்கொண்டால் போதும். விறகு தரையில் கிடந்து எரியாமல், அடியில் ஒரு கம்பித் தட்டின் மேல் எரியும்படி அமைத்தால் கீழிருந்து காற்று புகும். சாம்பலும் தானே விழும்.

நெசவாளர் வீட்டுக்குச் சில தனித் தேவைகள் உண்டு. தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீட்டில் கரித்தூள் படிவது துணிக்குப் பெருங்கேடு. வெளிர் நிறப் பாவில் ஒரு கரிக்கறை விழுந்தால் அந்தச் சேலையின் விலையே குறைந்துவிடுகிறது. சரிகையிலுள்ள வெள்ளி, கந்தகம் கலந்த புகை பட்டால் கறுக்கும் இயல்புடையது. வறட்டி எரிக்கும் வீட்டில் இதைக் கருத வேண்டும். இத்தகைய வீடுகளில் குழாயில்லாத அடுப்பை உள்ளே வைக்கவே கூடாது. குழாய்க்கு வசதியில்லையென்றால் அடுப்பைக் கொல்லைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுவது உத்தமம்.

சாயம் காய்ச்சுவோர் வேண்டுவது வேறொன்று. கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் காய்ச்சிப் பசை நீக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்து போகிறது. அப்போதும், பின்னர்ச் சாயக் கொப்பரையில் நூலைத் தோய்க்கும்போதும், சூடு மெள்ள ஏறி ஓரளவில் நிற்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் நூல் சிக்கும், நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஆகவே திருபுவனம், கும்பகோணம் பக்கத்துச் சாயவேலைக்கு ஏற்றது, நீண்ட விறகை வேண்டும்போது தள்ளவும் வேண்டாதபோது இழுக்கவும் கூடிய, குழாயில் அடைப்புத் தகடு உள்ள செங்கல் அடுப்புதான். எரிபொருளை ஒரே முறையாக அடைத்துவிட்டு எரிய விடும் அடுப்பு இதற்கு உதவாது.

அப்படி அடைத்து எரிப்பது உமியடுப்பு. நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ உமி கிடைக்கும். நெல் விளையும் நாட்டில் அதைவிட எளிய எரிபொருள் எது? ஒரு பழைய தகர டின்னின் அடிப்பக்கத்தில் ஒரு துளை, நடுவில் ஓர் உலக்கைத் துண்டு. சுற்றிலும் உமியையோ மரத்தூளையோ இறுக இடித்துவிட்டு, உலக்கையை உருவினால் நடுவே ஒரு புழை நிற்கும். அதன் அடியில் தீயிட்டால் பக்கத்தில் நிற்க வேண்டாமல் நெடுநேரம் அனல் தரும். வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் இதுவே போதும். இதில் இரு குறைகள் உண்டு. உமி நின்று கனலும்போது புகை குறைவாகத் தோன்றினும் நச்சு வாயு மிகுதி. எனவே திறந்த வெளியில் மட்டுமே வைக்கத் தக்கது. இரண்டாவது, இன்று உமி முன்போல் இலவசமன்று. நவீன அரிசி ஆலைகள் தம் கொதிகலனுக்கே உமியை எரித்துக்கொள்கின்றன. எஞ்சியதைச் செங்கற் சூளைக்காரர் வாங்கிப் போகின்றனர். நம்மைப் போல் நெல் விளைக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டில் அலெக்சிஸ் பெலோனியோ என்ற பொறியியலாளர், சிறு மின்விசிறியால் காற்றூட்டி உமியிலிருந்து வாயுவை எழுப்பி நீலச் சுடராக எரிக்கும் அடுப்பொன்றை அமைத்தார். நல்ல அடுப்புதான், ஆனால் விசிறி பழுதானால் அவ்வடுப்பு வெறும் டின். நம் முதற் கேள்வி இங்கும் எழுகிறது.

கூரையைப் பற்றிச் சொல்லாமல் அடுப்பைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சேயாகும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அந்த நாளை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அதன் பின் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. வீடுகளிலோ கீற்றின்கீழ் அடுப்பு எரிவது இன்றும் உண்டு. கீற்று வேய்ந்த வீட்டில் குழாயைக் கூரை நடுவே துளைத்து ஏற்றலாகாது. சுவர் வழியே வெளியே கொண்டுபோய், செங்கல் அணைத்து, இறவாரத்திலிருந்து ஒன்றரை அடியாவது விலகி நிற்கும்படி மேலே தூக்க வேண்டும். குழாய்க்குள் படியும் கரியே ஒரு நாள் தீப்பிடித்துப் பொறியாகப் பறக்கும் என்பதால் கீற்று வீட்டுக்காரர் மாதந்தோறும் துடைத்தாக வேண்டும். அடுப்புக்கு மேலே பரணில் சுள்ளி அடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடல் வேண்டும்.

புகை போய்விட்டால் கீற்றில் பூச்சி பிடிக்கும், விதைக்கு வைத்த கதிரில் வண்டு விழும் என்று வயதானவர்கள் சொல்வதுண்டு. அது வெற்றுப் பேச்சன்று. புகை படிந்த கூரை கூடுதல் காலம் உழைப்பது கண்கூடு. அதற்காகத் தினமும் இருவேளை ஒருவர் புகையில் நிற்க வேண்டியதில்லை. மாட்டுக் கொட்டிலில் நொச்சியும் வேப்பிலையும் இட்டு மூட்டம் போடுவதுபோல, வேண்டியபோது மூட்டம் போட்டு எல்லோரும் வெளியே வந்துவிடலாம்.

கணப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் கரி நெருப்புச் சட்டியை வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. கரி நெருப்பில் புகை இல்லையாதலால் அது தீங்கற்றதென எண்ணுகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை; உறங்குகிறவர் உறக்கத்திலேயே இறப்பர். மலைநகரங்களில் குளிருக்கு அஞ்சி அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கியவர்கள் மாண்ட செய்திகள் பலமுறை நாளிதழ்களில் வந்துள்ளன. அறையைச் சூடேற்றுவதற்கென்றே அடுப்பு வைக்கும் லடாக்கில்கூட, 'புகாரி' எனப்படும் தகர அடுப்புக்குக் குழாய் உண்டு. குழாயில்லாத நெருப்பை மூடிய அறையில் வைப்பது எந்த நாட்டுக்கும் ஏற்றதன்று.

விறகைப் பொறுத்தமட்டில், நம் நாட்டில் காடு இல்லை. கொல்லையும் வரப்பும்தான் காடு. சவுக்கும் சீமைக்கருவேலமும் கடையில் கிடைக்கும். இரண்டும் நல்ல அனல் தருவன. பருத்திமாரும் உளுந்துச் செடியின் காய்ந்த தண்டும் சட்டென்று எரிந்து அணையும், தோசைக்கல்லுக்கு ஏற்றவை. தென்னை மட்டை நடுத்தரம், கொட்டாங்கச்சி கடுந்தீ. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளைப் பலர் விறகாக்கப் பார்த்தனர்; ஈரம் சுமந்த தென்னந்தண்டு கனன்று புகைந்ததே மிச்சம். அரளிக் கட்டையை அடுப்பில் வைக்கவே கூடாது, அது நஞ்சு. பழைய சாயப்பூச்சுள்ள சன்னலும் ஒட்டுப்பலகையும் அவ்வாறே.

எவ்விறகானாலும் காய வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைய நீர்தான். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க 540 கிலோகலோரி செலவாகிறது என்பது பள்ளிப் பாடம். அந்த நட்டம் ஒரு பங்கு. ஈர விறகு தீயையே குளிரச் செய்து வாயுக்களை எரிய விடாமல் தடுப்பது மறு பங்கு, அதுவே பெரிய பங்கு. பங்குனி, சித்திரையில் வெட்டிப் பிளந்து, ஆடி வரையில் வெயிலில் அடுக்கி, மழைக்கு முன் தாழ்வாரத்தில் ஏற்றிவிட்ட விறகுக்கு எந்த அடுப்பும் நன்றாகவே எரியும். விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரையில் பிளப்பது நலம்.

அடுப்பு விற்பவர்களின் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே சோதிக்கலாம். ஐந்து லிட்டர் நீரை ஒரு பாத்திரத்தில் அளந்து ஊற்றுங்கள். காய்ந்த விறகை நிறுத்து வைத்துக்கொண்டு, நீர் கொதிக்கும் வரையில் எரித்து, மிஞ்சியதை மறுபடி நிறுங்கள். 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஏற்ற 350 கிலோகலோரி வேண்டும். விறகின் வெப்பம் கிலோவுக்குச் சுமார் 3,800 என்று கொண்டால், நூற்றுக்குப் பத்து பங்கு தரும் அடுப்பு 900 கிராமுக்கு மேல் தின்னும். இருபத்தைந்து பங்கு தரும் அடுப்பு 370 கிராமில் முடித்துவிடும். பழைய அடுப்பிலும் புதிய அடுப்பிலும் இதைச் செய்து பார்த்து, மாதத்துக்கு எவ்வளவு விறகு மிஞ்சும் என்று கணக்கிட்டபின் பணத்தை எடுங்கள். இச்சோதனையை அடுப்பில் அன்றாடம் சமைப்பவரே செய்ய வேண்டும். அடுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரும் அவரே. குடும்பத் தலைவர் கடைவீதியில் பார்த்து வாங்கி வந்த அடுப்புகள் பரணில் தூங்குவதை எந்தத் தெருவிலும் காணலாம்.

நிரந்தரமாக ஓரிடத்தில் சமைப்பவர், ஓட்டுக்கூரை உடையவர், சுட்ட மண் குழாயுடன் இரு குழி மண் அடுப்பு கட்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டிலிருப்பவரும் மழைக்காலத்தில் தண்ணீர் புகும் தாழ்ந்த தெருவினரும் தூக்கிச் செல்லக்கூடிய இரும்பு அடுப்பை வாங்கித் தாழ்வாரத்தில் வைத்து எரிக்கட்டும். மண் அடுப்பு ஒரு வெள்ளத்தில் கரைந்துவிடும். குழாய்களை ஒவ்வொருவரும் ஒன்றிரண்டாக வாங்காமல், ஊர்ச் சங்கத்தின் மூலம் ஐம்பது நூறாகச் சொல்லிச் சுட வைத்தால் விலையும் குறையும், எல்லாம் ஒரே அளவாகவும் இருக்கும். உடைந்ததற்கு மாற்று சங்கத்திலேயே இருக்கும்.

துடைக்கும் முறை எளிது. அடுப்பு முற்றும் ஆறிய பின், ஒரு நீண்ட கயிற்றின் நடுவில் குழாயின் அகலத்துக்குத் தென்னை நாரை உருண்டையாகக் கட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நான்கைந்து முறை இழுக்க வேண்டும். ஓட்டு வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். ஈர விறகு எரிக்க நேரும் கார்த்திகையிலும் மார்கழியிலும் மாதம் ஒரு முறை. கீழே ஒரு சாக்கை விரித்து வைத்தால் தரை பாழாகாது. தறி உள்ள வீட்டில் அன்று காலையே பாவை மூடிவைத்துவிட வேண்டும்.